சொல்லை விட்ட படமும் அது தேடிப்போன சொல்லும்: ‘கோயானிஸ்கட்ஸி’ பற்றிச் சில சிந்தனைகள்

நம்மவர்களுக்குச் சினிமா என்றால் முதலில் வசனம்தான். ‘பராசக்தி’ (1952) வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் நீதிமன்ற வசனத்தையோ ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னின் (1959) வரிகளையோ யாராவது ஒருவர் எழுந்து முழங்காத தமிழ்ச் சங்க ஆண்டு விழா அபூர்வம். ஊரைவிட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியவர்களுக்கு அந்த வசனங்கள் ஒருவகையில் கையோடு கொண்டுவந்த சீதனம். அப்படிப்பட்ட நமக்கு முன்னால், 86 நிமிடம் ஓடியும் ஒரு பாத்திரமும் வாய் திறவாத ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? “என்னப்பா படம் இது, கதை கிதை ஒன்றையும் காணோமே?” என்று பத்தாவது நிமிடத்தில் யாராவது எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

போகாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் அது என்பதற்காகவே இக்கட்டுரை. கூடவே, மனிதன் இயற்கைக்கு என்ன செய்துவிட்டான் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிட முடியுமா, அப்படிச் சொல்லும்போது எது கிடைக்கிறது, எது விட்டுப்போகிறது என்பதையும் ஆராய்ந்து பார்க்கலாம். மொழியை மையமாக வைத்துக் கூடும் ஒரு சங்கத்தின் மலரில் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு என்று நம்புகிறேன்.

படம் பிறந்த கதை

படத்தின் பெயர் ‘கோயானிஸ்கட்ஸி’. 1982இல் வெளிவந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் காட்ஃப்ரி ரெஜியோ. ஒளிப்பதிவு ரான் ஃப்ரிக். இசை ஃபிலிப் கிளாஸ். படம் முடியும் தறுவாயில் அதைப் பார்த்த ‘காட்ஃபாதர்’ புகழ் ஃபிரான்ஸிஸ் ஃபோர்ட் கொப்பலா, தம் பெயரில் அதை வெளியிட முன்வந்தார்.

ரெஜியோ சினிமாக் கல்லூரியில் படித்தவர் அல்லர். 1940இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பதினான்காவது வயதில் ஒரு கத்தோலிக்கத் துறவுச் சபையில் சேர்ந்து, அடுத்த பதினான்கு ஆண்டுகள் பிரார்த்தனையிலும் மௌனத்திலும் வளர்ந்தவர். நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சாந்தா ஃபேயில் தெருச் சண்டைக் கும்பல்களில் சிக்கிய இளைஞர்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, லூயி புனுவெல் மெக்ஸிகோவில் எடுத்த ‘லாஸ் ஓல்விதாதோஸ்’ (1950) படத்தைப் பார்த்தார். சேரிச் சிறுவர்களைப் பற்றிய படம் அது. ஒரு படம் மனிதனை இந்த அளவுக்கு உலுக்குமா என்ற வியப்பே அவரைச் சினிமாவுக்கு இழுத்து வந்தது.

1974இல் அவரும் நண்பர்களும், தொழில்நுட்பத்தைக் கொண்டு மனிதரைக் கண்காணிப்பதையும் கட்டுப்படுத்துவதையும் எதிர்த்து, நியூ மெக்ஸிகோவில் விளம்பரப் பலகைகளும் தொலைக்காட்சி விளம்பரங்களுமாக ஓர் இயக்கம் நடத்தினார்கள். எந்தப் பொருளையும் விற்காத விளம்பரங்கள் அவை. இயக்கம் முடிந்தபோது கையில் மிஞ்சியது 40,000 டாலர். அதை வைத்துக்கொண்டு 1975இல் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொண்டது.

திரையில் என்ன இருக்கிறது?

படம் ஒரு பாறை ஓவியத்தில் தொடங்குகிறது. யூட்டா மாநிலத்தின் ஹார்ஸ்ஷூ கணவாயில் பழங்குடி மக்கள் எழுதிவைத்த, ஆளைவிட உயரமான நிழலுருவங்கள். பின்னணியில் ஆழ்ந்த ஓர் ஆண் குரல் படத்தின் பெயரை மட்டும் மந்திரம் போலத் திரும்பத் திரும்ப உச்சரிக்கிறது. அந்த ஓவியம் அப்படியே கரைந்து ஒரு ராக்கெட்டின் நெருப்பாக மாறுகிறது.

அதன்பின் வெகுநேரம் மனிதரே கிடையாது. செம்மண் பாறைகள், மணல் மேடுகள், மலைமேல் அருவி போல வழிந்து இறங்கும் மேகம், அதே அசைவோடு புரளும் கடல் அலை. பிறகு ஓர் இயந்திரம் வருகிறது. சுரங்கத்தில் ஒரு ராட்சத வண்டியைக் கரும்புகை விழுங்குகிறது. பாலைவனத்தில் மின்கோபுரங்கள் வரிசையாக நடந்து போகின்றன. எண்ணெய் வயல், அனல் மின்நிலையம், கிளென் கணவாய் அணை, அணுகுண்டு வெடிப்பு. அடுத்த காட்சியில் கடற்கரையில் குடும்பங்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன. கேமரா மெல்ல நகர்ந்தால் அவர்களுக்குப் பின்னால் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையம் நிற்கிறது.

அப்புறம் நகரம். நெடுஞ்சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக ஓடும் வெளிச்சக் கோடுகள், நகரும் படிக்கட்டில் கொட்டும் கூட்டம், தொழிற்சாலையில் வரிசையாக வந்து விழும் உணவுப் பொருள்கள், இரவில் கட்டடத்தின் பின்னால் மறைந்து போகும் பெரிய நிலா. மூச்சுமுட்டும் வேகத்தில் ஓடிய படம் திடீரென்று தணிந்து, சாதாரண மனிதரின் முகங்களில் வந்து நிற்கிறது. கடைசியில் ஒரு ராக்கெட் எழும்பி, வெடித்து, அதன் எரியும் துண்டு ஒன்று சுழன்று சுழன்று கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. மீண்டும் பாறை ஓவியம். அவ்வளவுதான் படம்.

வேகமே மொழி

சினிமாக் கேமரா சாதாரணமாக ஒரு வினாடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. திரையிலும் அதே வேகத்தில் ஓடுகிறது. அப்படிச் செய்யாமல், பத்து வினாடிக்கு ஒரு படம் எடுத்துப் பிறகு வழக்கமான வேகத்தில் ஓட்டினால், நான்கு நிமிடம் நடந்தது ஒரே வினாடியில் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் பதினைந்து வினாடியாகச் சுருங்கிவிடும். இதற்கு நேர்மாறாக வினாடிக்கு நிறையப் படங்கள் எடுத்து ஓட்டினால் கண் இமைப்பதுகூட ஒரு நிகழ்ச்சியாகிவிடும். இந்த இரண்டு உத்திகளும் ரெஜியோவுக்கு முன்பே இருந்தவைதாம். பூ மலர்வதைக் காட்டும் பாடப் படங்களில் நாமே பார்த்திருப்போம். அவற்றை ஒரு முழுநீளப் படத்தின் இலக்கணமாகவே ஆக்கியது இந்தப் படத்தின் சாதனை.

அந்த இலக்கணத்தின் பயன் என்ன? மேகமும் வாகனமும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. முதல் பகுதியில் மலைமேல் மேகம் எப்படி வழிந்ததோ, அப்படியே பின்பகுதியில் மனிதர் நடைபாதையில் வழிகிறார்கள். தனித்தனி ஆளாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அவசர வேலையாகத்தான் போகிறார். வேகத்தைக் கூட்டிப் பார்க்கும்போது அந்தக் காரணங்களெல்லாம் உதிர்ந்து, ஓட்டம் மட்டும் மிஞ்சுகிறது. மேலிருந்து எடுத்த நகரத்தின் படத்தையும், கணினிச் சில்லின் பெரிதாக்கிய படத்தையும் அடுத்தடுத்து வைக்கும்போது எது எது என்று கண் தடுமாறுகிறது. நூறு பக்கம் எழுதி விளக்க வேண்டிய ஒரு கருத்து அங்கே இரண்டே காட்சிகளில் உறைக்கிறது.

வேகம் தணியும் இடங்கள் இன்னும் உசத்தி. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியின் பணிப்பெண்கள் சீருடையில் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். போர் விமானத்தின் முன் ஒரு விமானி நிற்கிறார். யாரும் பேசுவதில்லை. முதலில் புன்னகை, பிறகு சங்கடம், பிறகு அந்த இரண்டுக்கும் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு களைப்பு. வசனம் இருந்திருந்தால் நாம் அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். முகத்தைப் பார்த்திருக்க மாட்டோம்.

இசைக்கு வருவோம். ஃபிலிப் கிளாஸின் இசை நம் காதுக்கு அத்தனை அந்நியமாக இராது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களின் நடுவில் பாரிஸில், பண்டிட் ரவிசங்கர் ஒரு படத்துக்கு அமைத்த இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காகச் சுரக்குறிப்பில் எழுதித் தரும் வேலை இளைஞர் கிளாஸுக்குக் கிடைத்தது. மேற்கத்திய முறைப்படி கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதியபோது அழுத்தம் தவறான இடத்தில் விழுந்து தாளம் இடறியது. ரவிசங்கரும் தபலா மேதை அல்லா ரக்காவும் திருத்தித் திருத்தி, கடைசியில் கோடுகளை அழித்த பிறகே பிடிபட்டது என்று கிளாஸே சொல்லியிருக்கிறார். சின்னச் சின்ன அளவுகளைக் கூட்டிக் கூட்டி நீண்ட காலத்தைக் கட்டும் முறையை அங்கிருந்துதான் அவர் எடுத்துச் சென்றார். ஐந்தாக வந்த சொற்கட்டு ஆறாகி ஏழாகி வளர்வதைத் தனி ஆவர்த்தனத்தில் கேட்டுப் பழகியவர்கள், இந்தப் படத்தின் நகரக் காட்சிகளில் இசை எங்கே போகிறது என்பதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்வை வைத்து, பகவத் கீதையின் சமஸ்கிருத வரிகளையே பாட்டாக்கி ‘சத்யாக்ரஹா’ என்ற இசை நாடகத்தை 1980இல் அரங்கேற்றியவரும் இதே கிளாஸ்தான்.

அழகு என்னும் சிக்கல்

இனிக் குறைகளைப் பேசலாம். முதல் குறை பலரும் சொன்னதுதான்: நகரத்தைக் கண்டிக்க வந்த படம் நகரத்தை மகா அழகாகக் காட்டிவிடுகிறது. இரவு நெடுஞ்சாலையின் வெளிச்ச ஆறு யாரையும் பயமுறுத்தவில்லை, மயக்குகிறது. பொருளை விற்காத விளம்பரங்களிலிருந்து பிறந்த இந்தப் படத்தின் பாணியைப் பின்னாளில் கார் விளம்பரங்களும் கைபேசி விளம்பரங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன என்பது பெரிய வேடிக்கை. ஓடும் மேகமும் ஓடும் விளக்குகளும் இல்லாமல் இன்று ஒரு நகரத்தைப் பற்றிய காணொளியே இல்லை என்றாகிவிட்டது.

இதைப் படத்தின் தோல்வி என்று நான் கருதவில்லை. நகரம் உண்மையிலேயே மயக்கத்தான் செய்கிறது. மயக்காவிட்டால் நம் பாட்டன்மார் ரயிலேறி வந்திருப்பார்களா? அந்த மயக்கத்தை மறைக்காமல் காட்டியது படத்தின் நேர்மை என்றே சொல்லலாம். என்னை உறுத்துவது வேறு ஒன்று.

இடிந்து விழும் வீடுகள்

படத்தின் நடுவில், மறக்கவே முடியாத ஒரு பகுதி வருகிறது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிப்போன, ஆளரவமற்ற அடுக்குமாடிக் கட்டடங்கள். கிளாஸின் இசை உச்சத்துக்குப் போகிறது. வெடி வைத்து அந்தக் கட்டடங்களைத் தகர்க்கிறார்கள். மண்டியிடும் யானை போல அவை ஒவ்வொன்றாகச் சரிகின்றன.

அவை செயின்ட் லூயி நகரத்தின் ‘ப்ரூயிட்-ஐகோ’ குடியிருப்பு. 1950களின் நடுவில் ஏழைகளுக்காக அரசு கட்டியது. பதினொரு மாடி கொண்ட 33 கட்டடங்கள். வடிவமைத்தவர், பிற்பாடு நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த மினோரு யமசாகி. 1972இல் இடிக்கத் தொடங்கி 1976க்குள் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கட்டி முடித்து இருபது ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை.

படத்தை மட்டும் பார்ப்பவருக்கு என்ன புரியும்? மனிதன் கான்கிரீட்டை நம்பினான், கான்கிரீட் கைவிட்டது, இயற்கையை விட்டு விலகிய வாழ்வுக்கு இதுதான் கதி. ஆனால் நடந்தது அதுவா? கட்டடம் கட்ட மத்திய அரசு பணம் கொடுத்தது, பராமரிப்புக்குக் கொடுக்கவில்லை. அதைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போய்விட, நகரத்தின் மக்கள்தொகையும் வேலைகளும் தேய்ந்தன. நிறப் பாகுபாட்டால் வேறெங்கும் போக முடியாத கறுப்பினக் குடும்பங்கள் அங்கே மிஞ்சின. வாடகை குறையக் குறையப் பழுதுபார்ப்பதும் நின்றது. செலவைச் சுருக்க லிஃப்டை எல்லா மாடியிலும் நிற்காமல் மூன்று மாடிக்கு ஒருமுறை நிற்கும்படி வைத்திருந்தார்கள். அதுவும் பழுதானால் கேட்பாரில்லை. 1969இல் குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். 2011இல் வந்த ‘தி ப்ரூயிட்-ஐகோ மித்’ என்ற ஆவணப்படம், அங்கே வாழ்ந்தவர்களையே பேசவைத்து இதையெல்லாம் விளக்குகிறது. புது வீடு கிடைத்த நாளின் மகிழ்ச்சியை அவர்களில் சிலர் நினைவுகூரும்போது நமக்கே தொண்டை அடைக்கும்.

வார்த்தை இல்லாத படத்துக்கு இந்தக் காரணங்களைச் சொல்ல வழியில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் எல்லாம் விதியாகிவிடுகிறது. யாரோ சிலர் எடுத்த முடிவு, ‘மனிதகுலத்தின் தவறு’ என்று எல்லார் தலையிலும் சமமாகப் பங்கிடப்படுகிறது. அந்தப் பங்கில், வாடகை வாங்கியவருக்கும் வாடகை கொடுத்தவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது.

இறுதிக் காட்சியும் இப்படித்தான். மேலே எழும்பும் ராக்கெட், சந்திரனுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் வகை. வெடித்துச் சிதறுவதோ 1962 மே மாதம் ஏவிய, ஆளில்லாத அட்லஸ்-சென்டார். இரண்டையும் ஒட்டிவைத்து ஒரே கதையாக்கியிருக்கிறார்கள். 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் துயரமும் இதோடு சேர்ந்துகொள்ளும். கலைக்கு அந்த உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆவணப்படம் என்ற பெயரில் வரும்போது, எதை எதோடு ஒட்டினார்கள் என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கும் உண்டு.

சொல் தந்தவர்கள் எங்கே?

‘கோயானிஸ்கட்ஸி’ என்பது ஹோப்பி மொழிச் சொல். ஹோப்பிகள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வடபகுதியில், மேட்டு நிலக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக மக்காச்சோளம் விதைத்து வாழும் சிறு இனம். அவர்கள் மொழியைப் பேசுவோர் சில ஆயிரம் பேரே. ‘கட்ஸி’ என்றால் வாழ்க்கை. முழுச் சொல்லுக்குப் படத்தின் முடிவில் ஐந்து விளக்கங்கள் எழுத்தில் வருகின்றன: பித்தேறிய வாழ்க்கை, கொந்தளிக்கும் வாழ்க்கை, சமநிலை குலைந்த வாழ்க்கை, சிதைந்துகொண்டிருக்கும் வாழ்க்கை, வேறொரு வாழ்முறையைக் கோரும் நிலை. அதோடு, படத்தில் பாடப்பட்ட மூன்று ஹோப்பித் தீர்க்கதரிசனங்களின் பொருளும் தரப்படுகிறது. நிலத்திலிருந்து அரிய பொருள்களைத் தோண்டி எடுத்தால் அழிவை அழைத்துக்கொள்வோம் என்பது அவற்றில் ஒன்று.

இங்கேதான் ஒரு முரண்பாடு நம் கவனத்துக்கு வருகிறது. இன்றைய மொழி நம் உலகத்தை விவரிக்கும் சக்தியை இழந்துவிட்டது, அவமானப்பட்டுக் கிடக்கிறது, அதனால்தான் சொல்லைக் கைவிட்டேன் என்பது ரெஜியோவின் வாதம். சரி. ஆனால் முடிவாக ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டம் வந்தபோது அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. விளம்பரமும் அரசியலும் தேய்த்துவிடாத ஒரு சொல்லைத் தேடி, உலகத்தின் மிகச் சிறிய மொழிகளுள் ஒன்றின் வாசலுக்குத்தான் அவர் போனார். கோடிக்கணக்கானோர் பேசும் ஆங்கிலம் ஐந்து தொடர்களில் சொல்வதை அந்த மொழி ஒரே சொல்லில் வைத்திருந்தது. சிறுபான்மை மொழிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேண்டியதில்லை.

ஆனால் சொல் தந்த மக்கள் திரையில் எங்கே? நகரத்து முகங்கள் அத்தனையும் வருகின்றன. ஹோப்பிக் கிராமத்தைக் காணோம். நன்றிப் பட்டியலில் டேவிட் மொனாங்யே என்ற ஹோப்பி முதியவரின் பெயர், இவான் இல்லிச் போன்ற சிந்தனையாளர்களின் பெயர்களோடு வருகிறது. அதோடு சரி.

இது வெறும் மரியாதைக் குறைவு பற்றிய மனக்குறை அன்று. படத்தில் வரும் அனல் மின்நிலையங்களுள் ஒன்று, 1974இல் இயங்கத் தொடங்கிய நவஹோ மின்நிலையம். அதற்கு நிலக்கரி வந்தது பிளாக் மேசா என்ற மேட்டுநிலத்திலிருந்து. நவஹோ, ஹோப்பி ஆகிய இரு இனத்தாருக்கும் உரிமையுள்ள நிலம் அது. அங்கே எரிந்த கரியிலிருந்து பிறந்த மின்சாரத்தில் ஒரு பங்கு லாஸ் ஏஞ்சலஸுக்கும் லாஸ் வேகாஸுக்கும் போயிற்று. அதாவது, படத்தின் முதல் பாதியில் தோண்டப்படும் நிலமும் இரண்டாம் பாதியில் ஜொலிக்கும் நகரமும் ஒரே கம்பியின் இரு முனைகள்! அந்தக் கம்பியைத் தாங்கிப் பாலைவனத்தில் நடக்கும் கோபுரங்களையும் படமே காட்டுகிறது. யாருடைய நிலத்திலிருந்து யாருடைய விளக்குக்கு என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை.

அதே மேட்டுநிலத்தின் இன்னொரு சுரங்கத்திலிருந்து கரியைப் பொடித்து, நிலத்தடி நீரில் கரைத்து, ஏறத்தாழ 440 கிலோமீட்டர் குழாயில் நெவாடாவின் மொஹாவி மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். மழையை நம்பிச் சோளம் விதைக்கும் மக்களின் காலடியிலிருந்த நல்ல தண்ணீர் இப்படிப் போயிற்று. சுரங்க ஒப்பந்தம் போட்ட காலத்தில் ஹோப்பிகளுக்காக வாதாடிய வழக்கறிஞரே சுரங்க நிறுவனத்துக்கும் வேலை செய்திருந்தார் என்பது பின்னாளில் ஆவணங்கள் வழியே தெரியவந்தது. மொஹாவி 2005 முடிவில் மூடப்பட்டது. நவஹோ மின்நிலையம் 2019இல் மூடப்பட்டது. 2020 டிசம்பரில் அதன் மூன்று புகைபோக்கிகளையும் வெடி வைத்துச் சாய்த்தார்கள். ப்ரூயிட்-ஐகோவைப் போலவே.

அதோடு கதை சுபமாக முடிந்துவிடவும் இல்லை. ஹோப்பி இன அரசின் வருவாயில் பெரும்பகுதி அந்த நிலக்கரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சுரங்கம் நின்றதும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. தோண்டாதே என்று எச்சரித்த அதே சமூகம், தோண்டிய பணத்தில் வாழவும் நேர்ந்தது. இந்தச் சிக்கலைக் காட்ட எத்தனை வேகக் கேமரா இருந்தாலும் போதாது. அதற்கு அந்த மக்கள் வாய் திறந்து பேச வேண்டும். நாம் கேட்க வேண்டும்.

தூர தேசத்துக் கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. டில்லியில் நம் வீட்டுக் குளிர்சாதனத்தை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பங்கு, மத்தியப் பிரதேச – உத்தரப் பிரதேச எல்லையிலுள்ள சிங்ரௌலி நிலக்கரிப் பகுதியிலிருந்து வருகிறது. 1962இல் முடிந்த ரிஹந்த் அணைக்காக அங்கே கிளப்பப்பட்ட குடும்பங்களில் பல, பிறகு சுரங்கத்துக்காகவும் மின்நிலையத்துக்காகவும் மறுபடி கிளம்ப வேண்டியதாயிற்று. கம்பியின் இந்த முனையில் இருப்பவர்கள் நாம்.

இரண்டாவது படம்

ரெஜியோவுக்கே இந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும். 1988இல் வந்த ‘பொவாகட்ஸி’, வளரும் நாடுகளின் பக்கம் திரும்புகிறது. நம் நாட்டுக் காட்சிகளும் அதில் உண்டு. பிறர் உயிர்ச் சக்தியை உறிஞ்சித் தன்னை வளர்த்துக்கொள்ளும் வாழ்க்கை என்பது அந்த ஹோப்பிச் சொல்லின் பொருள். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் படம் தொடங்குகிறது. சேறு வழியும் மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான ஆண்கள் செங்குத்துச் சரிவில் எறும்பு வரிசையாக ஏறுகிறார்கள். அடிபட்டுத் துவண்ட ஒருவனைத் தோழர்கள் தூக்கிக்கொண்டு மேலே வருகிறார்கள். இங்கே ‘மனிதன்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. சுமப்பவன் ஒருவன், அணிபவன் இன்னொருவன் என்பது பேச்சில்லாமலே தெரிகிறது. முதல் படத்தின் அழகு இதற்கு இல்லை என்பார்கள். எனக்கு இது ஒரு படி மேலே போன படம். மூன்றாவதான ‘நகோய்கட்ஸி’ (2002) கணினியில் புரட்டிய பிம்பங்களின் குவியலாக இருப்பதால் அத்தனை ஒட்டவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்?

இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சமன்குலைந்த வாழ்வு’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம்மிடம் இன்னும் ஆழமான ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்திணையில் பாலைக்கு மட்டும் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் வாடித் தம் முறை திரிந்து, நல்ல இயல்பை இழந்து, வருவோர் நடுங்கும்படி ஆகிவிடும் நிலையையே பாலை என்கிறார் இளங்கோவடிகள், காடுகாண் காதையில். பாலை ஓர் இடமாக இல்லாமல் ஒரு நிலையாக, காடும் மலையும் கெட்டுப்போன நிலையாக இருக்கிறது. கெட்டதென்றால் முன்பு நன்றாக இருந்தது என்றும், மழை வந்தால் திரும்பலாம் என்றும் அந்தச் சொல்லுக்குள்ளேயே பொருள் அடங்கியிருக்கிறது. வேறொரு வாழ்முறையைக் கோரும் நிலை என்ற அந்த ஐந்தாவது விளக்கத்துக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை.

கோடைக்கும் இந்தப் படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இளங்கோவடிகள் காட்டும் பாலை வெயிலால் ஆனது. இந்தப் படம் காட்டும் பாலை ஆளால் ஆனது. எந்த ஆளால் என்று கேட்பதற்குத்தான் நமக்கு மொழி வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் தாத்தா, பாட்டிக்குத் தமிழ். அப்பா, அம்மாவுக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒன்று. பிள்ளைகளுக்கு இந்தியோ மராத்தியோ வங்காளமோ. மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து, யாரும் யாருக்கும் மொழிபெயர்க்காமல் பார்க்கக்கூடிய படங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. விடுமுறை நாளில் விளக்கை அணைத்து, கைபேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு படமே உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். “அந்தக் கட்டடத்தில் யார் இருந்தார்கள்? அந்தக் கரண்ட் எங்கே போகிறது? நம் வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள், பாட்டியையும் கேளுங்கள். ஊரில் எந்த ஏரியில் எந்த மாதம் தண்ணீர் நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். படம் காட்ட முடிந்ததைக் காட்டிவிட்டது. சொல்ல வேண்டிய மிச்சத்தை நம் மொழியில் நாம்தான் பேச வேண்டும்.